பழைய ஒன்லைன் விளையாட்டுகளில் வாளின் மதிப்பு ஏன் இறங்குகிறது?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இரவிரவாகக் கணினி முன் உட்கார்ந்து ஒன்லைன் விளையாட்டு ஆடும் இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் ஒரு புலம்பல் வந்துவிடும்: "நன்றாக இருந்த விளையாட்டை நாசமாக்கிவிட்டார்கள்." ஏன் நாசமாக்கினார்கள் என்று கேட்டால் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். நிறுவனத்துக்குப் பணத்தாசை என்பார்கள். இல்லாவிட்டால், வடிவமைப்பாளர்கள் தங்கள் விளையாட்டைத் தாங்களே ஆடிப் பார்ப்பதில்லை என்பார்கள்.

இரண்டும் சில வேளைகளில் உண்மைதான். ஆனால் பத்து ஆண்டைத் தாண்டிய அநேகமாக எல்லா விளையாட்டிலும், அதை எந்த நாட்டில் எந்த நிறுவனம் நடத்தினாலும், இதே புலம்பல் கேட்கிறதே, அது எப்படி? பேராசையும் அலட்சியமும் எல்லா ஊரிலும் ஒரே அளவில் விளைவதில்லை. இதன் அடியில் வேறொரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்குப் பிடிபட்டால் எந்தக் கோபம் நியாயமானது, எது வீண் என்று பிரித்துப் பார்க்கலாம். விளையாட்டே ஆடாதவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன், முக்கியமாக, "அப்படி என்னதான் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது?" என்று அலுத்துக்கொள்ளும் அம்மா அப்பாமாரை.

முடிவே இல்லாத ஆட்டம்

கிரிக்கெட்டுக்குக் கடைசிப் பந்து உண்டு. நாம் பேசப்போகும் வகைக்கு அது கிடையாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகுக்குள் ஒரே நேரத்தில் நுழைகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, வைத்தியன். அரக்கர்களைக் கொன்று, கொடுத்த வேலைகளை முடித்து, அந்தப் பாத்திரத்தைப் படிப்படியாக வளர்ப்பதுதான் ஆட்டம். ஒவ்வொரு படியும் ஒரு லெவல். நீங்கள் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் அந்த உலகம் சேர்வரில், அதாவது நிறுவனத்தின் மையக் கணினியில், ஓடிக்கொண்டே இருக்கும். பெருங்கூட்டப் பாத்திர விளையாட்டு என்று இதைச் சொல்லலாம். ஆடுகிறவர்கள் எம்எம்ஓ என்று சுருக்கிவிடுவார்கள்.

அல்டிமா ஒன்லைன் 1997 இல் வந்தது. எவர்குவெஸ்ட் 1999, ரூன்ஸ்கேப் 2001, ஈவ் ஒன்லைன் 2003, வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் 2004. ஐந்தும் இன்றும் ஓடுகின்றன. அல்டிமா ஒன்லைன் தொடங்கிய ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு இப்போது வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும். அவ்வளவு காலமாக ஆட்டக்காரர்கள் சேர்த்த தங்கமும் ஆயுதமும் அந்த உலகுகளில் குவிந்து கிடக்கின்றன. சிக்கல் இந்தக் குவியலில்தான் தொடங்குகிறது.

2022ஐ நினைத்துக்கொள்ளுங்கள்

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்த உவமை தேடி அலைய வேண்டியதில்லை. 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. வங்கிப் புத்தகத்தில் ஒரு இலட்சம் என்று இருந்தது ஒரு இலட்சமாகவே இருந்தது. ஒரு சதமும் குறையவில்லை. அந்த இலட்சத்துக்கு வாங்க முடிந்த பருப்பும் பால்மாவும்தான் குறைந்துபோயின. ஓய்வூதியப் பணத்தை நிலையான வைப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த பெரியவர்கள், "நான் என்ன பிழை செய்தேன்?" என்று கேட்டார்கள். அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. கையில் இருந்த எண் அசையாமல் நிற்க, சுற்றியிருந்த எண்கள் எல்லாம் ஏறிவிட்டன.

நீண்ட காலம் ஓடும் விளையாட்டிலும் இதுதான் நடக்கிறது. உங்கள் வாளில் எழுதியிருக்கும் எண்ணை யாரும் தொடுவதில்லை. ஆனாலும் அதன் மதிப்பு போய்விடுகிறது. அது போவதற்கு இரண்டு வழிகள்: ஒன்று தங்கம் பெருகுவது, மற்றது வலிமை பெருகுவது.

குழாயும் வடிகாலும்

விளையாட்டில் நீங்கள் ஓர் ஓநாயைக் கொன்றால் அதன் உடலிலிருந்து சில தங்கக் காசுகள் கிடைக்கும். ஓநாயிடம் காசு எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. யாருடைய பையிலிருந்தும் எடுக்கப்படாமல் அந்தக் காசு அந்த நொடியில் புதிதாகப் பிறந்தது. சில நிமிடத்தில் அதே ஓநாய் அதே இடத்தில் மீண்டும் எழுந்து நிற்கும். மீண்டும் கொல்லலாம், மீண்டும் காசு. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு பணம் அச்சிடும் இயந்திரம். இப்படிப் புதுப் பணம் உலகுக்குள் வரும் வழிகளை வடிவமைப்பாளர்கள் குழாய் என்கிறார்கள்.

பணம் உலகை விட்டு வெளியேறும் வழிகளுக்கு வடிகால் என்று பெயர். ஒருவர் இன்னொருவரிடம் வாள் வாங்கினால் பணம் கைமாறுகிறதே தவிர அழியவில்லை. கவசத்தைத் திருத்தக் கொல்லனிடம் கொடுக்கும் கூலி அழிகிறது, ஏனென்றால் அந்தக் கொல்லன் கணினி ஓட்டும் பொம்மை. வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டின் ஏலச் சந்தையில் விற்ற விலையில் 5 சதவீதம் பிடிக்கப்படுகிறது, அதுவும் அழிகிறது.

குழாய் பெரிதாகவும் வடிகால் சிறிதாகவும் இருந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. புதிதாக வருபவர் சந்தைக்குப் போய் ஒரு சாதாரண மருந்துக் குப்பியின் விலையைப் பார்த்துத் திகைத்து நிற்பார். ஆகவே வடிகாலைப் பெரிதாக்குகிறார்கள், ஆட்டக்காரர்களும் கொதிக்கிறார்கள். ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவத்தில் 2021 டிசம்பரில் பொதுச் சந்தை விற்பனைக்கு 1 சதவீத வரி வந்தது. வரியாகச் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, மலிந்துபோன பொருட்களை நிறுவனமே சந்தையில் வாங்கி அழித்தது. வரி கட்டியவர்களின் பொருட்களுக்குத்தான் இதனால் விலை நின்றது. ஆனால் வரி என்ற பெயரைக் கேட்டவுடன் யாருக்கு நன்றி சொல்லத் தோன்றும்?

சுருக்கமாக: இந்த உலகில் பணம் வெறும் காற்றிலிருந்து பிறக்கிறது. அதை அழிக்க வழி வைக்காவிட்டால் எல்லோருடைய சேமிப்பும் கரையும். வழி வைத்தால் அது கொள்ளையடிப்பது போலத் தெரியும்.

வலிமைப் பெருக்கம்

தங்கத்தையாவது வரி போட்டு இழுக்கலாம். வலிமையை அப்படி இழுக்க முடியாது.

ஓராண்டோ இரண்டாண்டோ போனதும் ஆட்டக்காரர்கள் இருக்கும் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கொட்டாவி விடுவார்கள். அப்போது நிறுவனம் புதிய நிலப்பரப்பு, புதிய கதை, புதிய அரக்கர்கள் அடங்கிய பெரிய தொகுதி ஒன்றை விற்கும். இது விரிவாக்கம். அங்கே கிடைக்கும் ஆயுதம் பழையதைவிடப் பலமில்லாததாக இருந்தால் யாரும் போக மாட்டார்கள். எனவே ஒரு படி கூட்ட வேண்டும். ஆயுதம் பலமானால் அரக்கனும் பலமாக வேண்டும். அடுத்த விரிவாக்கத்தில் இன்னொரு படி. இப்படி ஒவ்வொரு சேர்ப்பிலும் எண்கள் ஏறிக்கொண்டே போவதுதான் வலிமைப் பெருக்கம். ஆட்டக்காரர்கள் பவர் கிரீப் என்பார்கள்.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டின் முதல் விரிவாக்கமான த பர்னிங் குருசேட் 2007 ஜனவரியில் வந்தபோது நடந்ததைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அந்த விளையாட்டில் பொருளின் தரத்தை நிறம் காட்டும்: பச்சை சுமாரானது, ஊதா அருமையானது. அதற்கு முன், நல்ல ஊதா ஆயுதம் வேண்டுமானால் 40 பேர் ஒன்றுசேர்ந்து, நாள் குறித்து, ஒரே நேரத்தில் வந்து, மாதக்கணக்கில் ஒரே குகைக்குள் செத்துச் செத்துப் பழக வேண்டும். கிடைத்த ஆயுதத்தை 40 பேரில் யாருக்குக் கொடுப்பது என்று சண்டை வேறு. அப்படி வாங்கிய ஊதா வாளோடு புதிய நிலத்துக்குள் கால் வைக்கிறார் ஒருவர். வாசலிலேயே ஒரு சிப்பாய் நின்றுகொண்டு, "அந்தப் பன்றிகளைக் கொன்றுவிட்டு வா" என்கிறான். கொன்றுவிட்டு வந்தால் கூலியாக ஒரு பச்சை வாள். எண்ணைப் பார்த்தால் பச்சை வாள்தான் பெரிது. பல மாத உழைப்பை அரைமணி நேர வேலை முந்திவிட்டது.

இது அலட்சியத்தால் நடந்ததல்ல. அந்த 40 பேர் குழுக்களில் ஒருபோதும் இடம் கிடைக்காத பெருந்தொகையினரும் புதிய நிலத்தில் பிழைக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தது. பழையவர்களின் சேமிப்பைக் கரைத்தால்தான் புதியவர்களுக்குக் கதவு திறக்கும். இரண்டு பக்கத்தையும் மகிழ்விக்கும் மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக நம்புவதுதான் இந்த விவாதங்களில் நான் அடிக்கடி காணும் பிழை.

எண்கள் ஏறி ஏறி எங்கே போய் நிற்கும்? கணினி ஒரு முழு எண்ணைக் கூட்டல் கழித்தல் குறியோடு சேர்த்து 32 பிட்டில், அதாவது 0, 1 என்ற 32 இலக்கங்களில், எழுதினால் சுமார் 214 கோடிக்கு மேல் எழுத முடியாது. பெரிய அரக்கர்களின் உயிர்ப்புள்ளிகள் அந்த மதிலை நெருங்கத் தொடங்கின. எனவே 2014 அக்டோபரில் எல்லா எண்களையும் சேர்த்துச் சுருக்கினார்கள். 2020 இல் லெவல்களையும் சுருக்கினார்கள்: முந்தின நாள் 120 ஆம் லெவலில் நின்ற பாத்திரம் மறுநாள் 50 இல் நின்றது. இதற்கு ஸ்குவிஷ் என்று பெயர். துருக்கி 2005 இல் தன் நாணயத்தில் ஆறு பூச்சியங்களை வெட்டியதே, அதே வேலை. சம்பளமும் பாண் விலையும் சேர்ந்து சுருங்கியதால் யாரும் ஏழையாகவில்லை. அதேபோல அரக்கனும் சேர்ந்தே சுருங்கியதால் யாரும் பலவீனமாகவில்லை. ஆனாலும் 120 என்ற எண்ணைத் தன் பெயருக்கு மேல் பார்த்துப் பழகியவருக்கு 50 என்பது தண்டனையாகத்தான் தெரியும்.

நெர்ஃப்: ஏன் குறைக்க வேண்டும்?

என் அக்காவின் மகன் ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "மாமா, என் மந்திரவாதியை நெர்ஃப் செய்துவிட்டார்கள். மற்றவர்களைக் கூட்டியிருக்கலாம்தானே? ஏன் என்னைக் குறைக்க வேண்டும்?"

ஒன்றின் வலிமையை வேண்டுமென்றே குறைப்பது நெர்ஃப், கூட்டுவது பஃப். அவன் கேட்டது நல்ல கேள்வி. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். பத்து வகைப் பாத்திரங்கள். ஒன்பது பேர் ஓர் அடிக்கு 100 புள்ளி எடுக்கிறார்கள், மந்திரவாதி மட்டும் 150. அவனைக் குறைக்காமல் மற்ற ஒன்பது பேரையும் 150க்கு உயர்த்தினால் என்ன? இப்போது எல்லா அரக்கர்களும் முன்னைவிட விரைவில் சாகிறார்கள். ஆட்டம் சப்பென்று போகிறது. எனவே அரக்கர்களின் உயிரையும் ஒன்றரை மடங்காக்க வேண்டும். ஆக்கினால் அந்த ஒன்பது பேரும் முன்பிருந்த இடத்துக்கே வந்துவிட்டார்கள். மந்திரவாதியின் மேலாதிக்கமும் போய்விட்டது, நெர்ஃப் செய்திருந்தால் போயிருக்கும் அதே அளவுக்கு. மிஞ்சியது பெரிய எண்கள் மட்டும். எல்லோருக்கும் கூட்டுவது என்பது பணம் அச்சடித்து எல்லோருக்கும் சம்பள உயர்வு கொடுப்பது.

2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. வீட்டுக் கடன் வாங்கியிருந்த எவரும் அன்று மத்திய வங்கியை வாழ்த்தவில்லை. நெர்ஃப் செய்யும் வடிவமைப்பாளரின் நாற்காலியும் அப்படிப்பட்டதுதான். தாளைப் பார்த்துவிட்டு மருமகன், "சரி, ஆனால் எனக்கு இன்னமும் கோபம்தான்" என்றான். அதற்கும் காரணம் இருக்கிறது.

இழப்பின் கனம்

ஆயிரம் ரூபா வழியில் கிடந்து கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட, சட்டைப் பையிலிருந்து ஆயிரம் ரூபா தொலைந்தால் வரும் வலி பெரிது. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979 இல் வெளியிட்ட கோட்பாட்டின் மையத்தில் இது இருக்கிறது. இழப்பு வெறுப்பு என்று சொல்வார்கள்.

விளையாட்டு உலகில் இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் சோதனை ஓட்டத்தில் இருந்த காலத்தில், ஒருவர் நெடுநேரம் தொடர்ந்து ஆடினால் களைப்பு என்ற பெயரில் லெவல் ஏற அவருக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும். போய் ஓய்வெடுங்கள் என்ற நல்ல எண்ணம்தான். ஆடியவர்கள் கொந்தளித்தார்கள். வடிவமைப்பாளர்கள் பெயரை மாற்றினார்கள்: பாதியாகக் குறைந்த அளவை 100 சதவீதம் என்றார்கள், முன்பு சாதாரணமாக இருந்ததை 200 சதவீதம் என்றார்கள். ஓய்வெடுத்துவிட்டு வந்தால் இரட்டிப்புப் பரிசு! ஒன்று மற்றதில் பாதி என்ற விகிதம் மாறவில்லை. கோபம் அடங்கிவிட்டது. அந்த முறை இன்றும் அந்த விளையாட்டில் இருக்கிறது.

ஆகவே, மதிப்பு கரைவது ஒரு கணக்கு. அது வலிப்பது வேறொரு கணக்கு. நல்ல வடிவமைப்பாளருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தாசை எந்த இடத்தில் வருகிறது?

அமெரிக்காவில் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டின் மாதச் சந்தா 2004 இல் 14.99 டொலர். இன்றும் 14.99 டொலர். இடையில் டொலரே எவ்வளவு மெலிந்துவிட்டது! சந்தாவை உயர்த்தத் துணியாத நிறுவனம் வேறு வழியில் பணம் தேடும். அலங்காரக் குதிரை விற்கும். 2015 முதல் 20 டொலருக்கு ஒரு டோக்கன் விற்கிறது. டோக்கனை வாங்கியவர் அதை விளையாட்டுக்குள் இன்னொருவருக்குத் தங்கத்துக்கு விற்கலாம். தங்கம் கொடுத்து வாங்கியவர் அதைச் சந்தாவாக மாற்றிக்கொள்ளலாம். டோக்கன் தங்கத்தை அச்சிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, தங்கம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறது, அவ்வளவே. ஆனால் உழைத்துச் சேர்த்தவரும் அட்டை தேய்த்து வாங்கியவரும் ஒரே குதிரையில் போகிறார்கள் என்ற எரிச்சலுக்கு இந்த விளக்கம் மருந்தல்ல.

நமக்கு இதில் இன்னொரு அடி. டொலர் 200 ரூபா அளவில் இருந்தபோது ஏறத்தாழ 3000 ரூபாவாக இருந்த சந்தா, 360 ஆனபோது 5400 ரூபா. விளையாட்டுக்குள்ளும் பணவீக்கம், வெளியிலும் பணவீக்கம்.

கோபம் சரியாக இருந்த இடங்கள்

எல்லாவற்றுக்கும் பொருளாதாரம் சொல்லி நிறுவனங்களைத் தப்ப விடவும் கூடாது. ஸ்டார் வோர்ஸ் கலக்சீஸ் விளையாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைக் கலந்து தனக்கென ஒரு பாத்திரத்தை ஒருவர் உருவாக்க முடிந்தது. 2005 நவம்பரில் ஒரு விரிவாக்கத்தை விற்ற சில நாட்களிலேயே, இனி ஒன்பது தொழில்கள்தான் என்று அறிவித்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2011 டிசம்பரில் விளையாட்டே மூடப்பட்டது. அங்கே சேமிப்பு கரையவில்லை, வங்கியையே இடித்துவிட்டார்கள்.

2011 இல் ஈவ் ஒன்லைன், பாத்திரம் அலங்காரமாக ஒரு கண்ணில் அணியும் மூக்குக்கண்ணாடி ஒன்றை 60 டொலருக்கு மேல் விலை வைத்து விற்றபோது, ஆட்டக்காரர்கள் ஜிட்டா என்ற சந்தை நகரில் திரண்டு அங்கிருந்த நினைவுச் சிலையைச் சுட்டார்கள். அவர்கள் வாக்களித்துத் தெரிவு செய்த பேராளர் குழுவை நிறுவனம் ஐஸ்லாந்துக்கு அழைத்துப் பேச வேண்டி வந்தது. இறுதியில் நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

மிக மோசமானது கொரியாவில் நடந்தது. மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில் காசு கொடுத்து வாங்கும் ஒரு கனசதுரம், ஆயுதத்துக்குத் தற்செயலாகச் சிறப்புத் தன்மைகளைக் கொடுக்கும். நல்லவை விழும் வாய்ப்பை ஆட்டக்காரர்களுக்குச் சொல்லாமல் குறைத்து, சில சேர்க்கைகளுக்கு அந்த வாய்ப்பைப் பூச்சியமே ஆக்கியிருந்தார்கள். நெக்சன் நிறுவனத்துக்குக் கொரிய நியாய வணிக ஆணைக்குழு 2024 ஜனவரியில் சுமார் 1160 கோடி வொன் அபராதம் விதித்தது. இதை நெர்ஃப் என்று சொல்லவே கூடாது. நெர்ஃப் என்றால் அறிவித்துவிட்டுக் குறைப்பது. சொல்லாமல் குறைப்பதற்கு வேறு பெயர்.

காலத்தை நிறுத்திப் பார்த்தார்கள்

விரிவாக்கமே வேண்டாம், பழைய உலகத்தை அப்படியே கொடுங்கள் என்றால் என்ன? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2012 நவம்பரில் ரூன்ஸ்கேப் தன் சண்டை முறையை அடியோடு மாற்றியது, ஆட்கள் வெளியேறினார்கள். 2007 ஆகஸ்ட் காலத்துப் பிரதி ஒன்று நிறுவனத்தின் கையில் இருந்தது. நான்கு இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தபின், 2013 பெப்ரவரியில் அந்தப் பழைய உலகைத் திறந்தார்கள். புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் 75 சதவீத ஆதரவு வேண்டும் என்று விதி வைத்தார்கள். மக்களே ஆளும் விளையாட்டு. அங்கேயும் வலிமை பெருகியது. 2015 இல் வந்த ஒரு நச்சு ஊதுகுழல் அளவுக்கு மீறிப் பலமாகிவிட, 2021 இல் அதை நெர்ஃப் செய்தார்கள், வாக்கெடுப்பு இல்லாமலே. தன் ஊதுகுழலை மழுக்கச் சொல்லி யார் வாக்களிப்பார்கள்?

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டும் 2019 ஆகஸ்டில் முதல் விரிவாக்கத்துக்கு முந்தைய உலகத்தைக் கிளாசிக் என்ற பெயரில் திறந்தது. அன்று, 2004 நவம்பரில் தொடங்கியவர்களுக்கு ரக்னரோஸ் என்ற நெருப்பு அரக்கனைக் கொல்ல 2005 ஏப்ரல் வரை ஆயிற்று. இந்த முறை அவன் ஒரு வாரத்துக்குள் விழுந்தான். உலகம் பழையது, ஆடுபவர்கள் பழையவர்கள் அல்லர். பதினைந்து ஆண்டு அறிவோடு வந்திருந்தார்கள். 2021 ஜூனில் கிளாசிக்குக்கும் த பர்னிங் குருசேட் வந்து சேர்ந்தது. பழைய உலகில் தங்குவதா, புதிய நிலத்துக்குப் போவதா என்று ஒவ்வொருவரும் தெரிவு செய்யலாம். இரண்டிலும் ஒரே பாத்திரம் வேண்டுமானால் பிரதி எடுக்க 35 டொலர் என்றார்கள். அதற்கும் கூச்சல் எழுந்தது. 15 டொலராகக் குறைத்தார்கள்.